கரையோரம் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

திருச்சியைச் சுற்றிக் காவிரி, கொள்ளிடக் கரைகளில் சைக்கிளில் போய்வருவதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வேலை மாற்றலாகித் திருச்சிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. ஆற்றங்கரையில் முதல் தடவை போக எந்த வழி நல்லது?
– வாசகர், தில்லைநகர்

கல்லணை. யோசிக்கவே வேண்டாம். காவிரியைத் தாண்டித் திருவானைக்காவல் வந்து, அங்கிருந்து கிழக்கே பிரியும் கல்லணைச் சாலையைப் பிடித்தால் திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர் ஊராகக் கடந்து அணைக்கே கொண்டுபோய் விட்டுவிடும். வலது கைப் பக்கம் காவிரி, இடது பக்கம் வாழைத் தோப்பும் வயலும், அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் கொள்ளிடம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கும் தீவின் மேல்தான் நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். காரில் போனால் இது தெரியவே தெரியாது, சைக்கிளில் போனால் கிளிக்கூடு பக்கம் தீவு ஒடுங்கி, இரண்டு பக்கமிருந்தும் ஈரக்காற்று வரும்போது உடம்புக்கே தெரிந்துவிடும்.

அணைக்குப் போனதும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். கரிகாலன் காலத்துக் கட்டுமானம் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். நீளம் 329 மீட்டர், அகலம் 20 மீட்டர் என்ற கணக்கும் எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். ஆனால் அது நேர்கோடாக இல்லை, பாம்பு மாதிரி வளைந்து போகிறது என்பதை நின்று பார்த்தால்தான் மனதில் பதியும். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதை இந்த மண்ணின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதி வைத்திருக்கிறார்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றின் மதகுகளையும் தாண்டித் தென்கரைக்கு வந்து வேங்கூர், பனையக்குறிச்சி, சர்க்கார்பாளையம் வழியாகக் காந்தி மார்க்கெட்டுக்கு வந்து சேருங்கள். மொத்தம் நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். டீ, மீன் வறுவல், வேடிக்கை எல்லாம் சேர்த்து அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காலை ஆறரைக்குக் கிழக்கே போகும்போது சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். உங்களுக்குக் கண் கூசுவதைவிட, பின்னால் வரும் மினி லாரிக்காரருக்கும் கண் கூசும், அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். கரைச்சாலைகளில் பெரும்பாலும் தடுப்புச் சுவர் இருக்காது, ஒதுங்கினால் சரிவுதான். அதனால் ஒன்று, வெளிச்சம் வந்தவுடனே ஐந்தேமுக்கால், ஆறுக்குள் கிளம்பி வெயில் ஏறுமுன் பாதி வழியைத் தாண்டிவிடுங்கள். அல்லது பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பகலிலும் போட்டுவிடுங்கள். நான் இரண்டையும் செய்கிறேன்.

ஆடி மாதம் கல்லணைக்குப் போனேன். போகும்போது பறந்தேன். வரும்போது மிதிக்கவே முடியவில்லை, இரண்டு நாள் முட்டி வலி. சைக்கிளில் ஏதாவது கோளாறா?
– வாசகர், உறையூர்

சைக்கிளில் ஒன்றும் இல்லை. காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்கும்போது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மட்டும் புகுந்து கோவை, கரூர், திருச்சி என்று காவிரிச் சமவெளியில் கிழக்கே வீசும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது இதில்தான். ஆனி, ஆடி, ஆவணியில் கல்லணைக்குப் போகும்போது அது உங்கள் முதுகைத் தள்ளும். அது தள்ளுகிறது என்றே தெரியாது, "இன்றைக்கு நல்ல பலத்தோடு இருக்கிறேன்" என்று நினைத்துக்கொள்வீர்கள். திரும்பும்போது வெயிலும் ஏறி, காற்றும் ஏறியிருக்கும். பத்து மணிக்கு மேல் அடிக்கும் காற்று காலை ஆறு மணிக்கு இருக்காது.

அதனால் நான் ஒரே ஒரு கணக்குதான் வைத்திருக்கிறேன்: உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்றில் போ, களைத்தபின் காற்றோடு திரும்பி வா. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கே முக்கொம்புக்குப் போங்கள், வரும்போது காற்று கொண்டுவந்து சேர்த்துவிடும். ஐப்பசியிலிருந்து காற்று திசை மாறி, வாடைக்காற்றாக வடகிழக்கிலிருந்து வரும். அது அவ்வளவு வேகம் இல்லை, மார்கழி, தையில் கிழக்கே கல்லணைக்குப் போய்த் திரும்புவது சுகம்.

முட்டி வலிக்குக் காரணம், கனமான கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தது. எதிர்க்காற்றில் கியரைக் குறைத்து, கால் லேசாகவும் சற்று வேகமாகவும் சுற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள், வேகம் பத்துக்கு இறங்கினாலும் பரவாயில்லை. கியர் இல்லாத சைக்கிள் என்றால் கொஞ்ச தூரம் இறங்கி உருட்டுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. சீட் உயரத்தையும் பாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கி நின்றால் சீட் தாழ்வு, முட்டிதான் தண்டனை வாங்கும்.

ஆற்றங்கரையில் போகிறோம், ஆனால் ஆற்றில் தண்ணீரே இல்லை. எப்போது வந்தால் தண்ணீரைப் பார்க்கலாம்?
– வாசகி, சென்னை

மேட்டூரைக் கேட்க வேண்டும். குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆனால் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும்: 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்து மூன்று நாள் சுமாரில் தண்ணீர் முக்கொம்புக்கு வந்துவிடும், பிறகு கல்லணை. அங்கே நெல்மணியும் பூவும் தூவி மதகைத் திறப்பார்கள். கொள்ளிடத்தை நம்பி வராதீர்கள், அது வெள்ள வடிகால். காவிரியில் மிஞ்சினால்தான் அதில் தண்ணீர் ஓடும். மற்ற நாளில் மணலும் நாணலும்தான், அதுவும் ஓர் அழகுதான், ஆனால் நீங்கள் கேட்டது தண்ணீரை.

சில வருடங்களுக்கு முன் புதுத்தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு விடியற்காலையில் கம்பரசம்பேட்டைக்கு மேற்கே கரையில் போய் நின்றேன். அலை அடித்துக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது வேறு மாதிரி. மணலில் ஒரு கருப்பு ஈரக்கோடு, அதன் விளிம்பில் பழுப்பு நுரை, நுரையில் சருகு, குச்சி, எறும்புக் கூட்டம், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. அது ஒரு பள்ளத்தைக் கண்டதும் நின்று, நிரப்பி, பிறகு விளிம்பைத் தாண்டி ஒரு நாக்கை நீட்டி அடுத்த பள்ளத்தைத் தேடிப் போனது. வறண்ட மணல் அதைக் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டது. மனிதர் நடக்கும் வேகம்கூட இல்லை. நான் சைக்கிளில் ஏறி நூறடி போய் நிற்பேன், அது வரும், மறுபடி நூறடி. ஒரு மணி நேரம் அப்படியே அதோடு வந்தேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கீழே இறங்கி, அந்த நுரையை விலக்கித் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

அதைப் பார்க்கத்தான் நீங்கள் சென்னையிலிருந்து வர வேண்டும். ஆடிப்பெருக்கன்று மட்டும் சைக்கிளோடு வராதீர்கள், ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறைப் பக்கம் சக்கரத்தை வைக்க இடம் இருக்காது. அன்றைக்கு நடந்து வாருங்கள்.

கொள்ளிடக் கரை மண் பாதையில் போகும்போதெல்லாம் பஞ்சர். மூன்று மாதத்தில் ஐந்து முறை. கடை ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால். என்ன செய்வது?
– வாசகர், ஸ்ரீரங்கம்

சீமைக் கருவேலமுள். கரையோரம் வேலிக்கு வெட்டிப் போட்ட கிளை காய்ந்து, வண்டி ஏறி நொறுங்கி, பாதையெல்லாம் சிதறிக் கிடக்கும். பாதையின் ஓரத்தைவிட டிராக்டர் சக்கரம் போன தடத்திலேயே போனால் பாதி பஞ்சர் குறையும். மீதிப் பாதிக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வதைத் தவிர வழி இல்லை. இது அரை மணி நேர வேலை, யாருக்கும் வரும்.

கேரியரில் ஒரு சின்னப் பையில் கைப்பம்பு, டயர் கழற்றும் லீவர் இரண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள், ஒரு மாற்று ட்யூப், பழைய துணி. இவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் எடுத்து ட்யூபை உருவிக் காற்றடியுங்கள். ஓட்டை பெரியது என்றால் சத்தம் கேட்கும். சின்னது என்றால் ட்யூபை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து மெல்லச் சுற்றுங்கள், கன்னத்தைவிட உதட்டுக்குச் சீக்கிரம் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் ஆறு இருக்கவே இருக்கிறது, தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இடத்தைக் குறித்துக்கொண்டு, துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிட அகலமாக மெலிதாகத் தடவுங்கள். தடவியவுடனே ஒட்டிவிடாதீர்கள், விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். பிறகு ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

காயும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் முக்கியமான வேலை. டயரின் உட்பக்கத்தைத் துணியாலும், பிறகு விரல் நுனியாலும் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். எனக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பஞ்சர் ஆனது; கடையில் கொடுத்து இரண்டு முறை ஒட்டி வாங்கியும் நிற்கவில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து தடவியபோது டயரின் ரப்பருக்குள் ஒடிந்து நின்ற முள் நுனி விரலில் குத்தியது. அரை அரிசி அளவு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, காற்றடித்து ஏறி உட்கார்ந்தால் மட்டும் உள்ளே இறங்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்தேன், அதோடு தீர்ந்தது. உங்களுடைய ஐந்து பஞ்சரில் எத்தனை ஒரே முள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்கு 54 வயது. பள்ளிக்கூடத்தில் ஓட்டியது, கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. இப்போது கரையோரம் போக ஆசை. வீட்டில் "இந்த வயதில் எதற்கு" என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, திருவெறும்பூர்

கட்டாயம் போகலாம், அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணையாக நின்றார். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது பாருள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆனது. அவர்களுக்கும் ஊரில் பேச்சு வராமல் இல்லை. அவர்கள் ஓட்டினார்கள், பேச்சு நின்றது.

உங்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டித் தேய்மானம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பார் இல்லாத சைக்கிளாகப் பாருங்கள், வீட்டில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் மூலையில் நின்றால் அதுவே போதும்: இரண்டு டயர், ட்யூப், பிரேக் கட்டை மாற்றி, சக்கரக் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் புதிதுபோல ஓடும். முதல் வாரம் மட்டும் சீட்டை நன்றாக இறக்கி வைத்து, உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படும்படி ஒரு மைதானத்தில் ஓட்டுங்கள். பயம் போனதும் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். புடவை, துப்பட்டா செயினிலும் கம்பியிலும் மாட்டும், இதை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். சுடிதார் போட்டுத் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள், செயின் கவர் இருக்கட்டும்.

நீங்கள் இருக்கும் இடத்துக்கு வேங்கூர்க் கரை பக்கம்தான். முதல் மாதம் நாலு கிலோமீட்டர் போய், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, நாலு கிலோமீட்டர் திரும்பி வாருங்கள். உடன் வர ஒரு தோழி கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் கேட்பவர்களை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

கரையில் ஓட்ட எந்த சைக்கிள் வாங்கலாம்? கடையில் அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒன்றைச் சொல்கிறார்கள்.
– வாசகர், கே.கே. நகர்

வேண்டாம். கல்லணை, முக்கொம்பு, குளித்தலை என்று போய்வர, கொஞ்சம் அகலமான டயர், நல்ல பிரேக், பின்னால் கேரியர் மாட்ட வசதி, பஞ்சர் ஆனால் நம் ஊர்க் கடையிலேயே ட்யூப் கிடைக்கிற அளவு. இந்த நான்கும் இருந்தால் போதும். மெல்லிய டயர் பந்தய சைக்கிள் கரைப்பாதைக்கு ஆகாது. பழைய பெரிய சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு தினமும் முப்பது கிலோமீட்டர் போகிறவர்கள் இதே கரையில் இருக்கிறார்கள். ஒரு வருடம் ஓட்டிவிட்டு, இன்னது குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்தபிறகு வாங்குங்கள்.

மகன் ஆஸ்திரியாவில் இருக்கிறான். அங்கே டான்யூப் ஆற்றங்கரை முழுக்க சைக்கிளுக்கென்றே பாதை. நம் ஊரில் ஏன் அப்படி இல்லை?
– வாசகர், பாலக்கரை

நல்ல கேள்வி. ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் அந்தப் பாதை போகிறது. ஆனால் அது முழுக்கச் சைக்கிளுக்காகப் போட்டதில்லை. நீராவிப் படகு வருவதற்கு முன்பு, ஆற்றை எதிர்த்துப் படகை மேலே கொண்டுபோகக் குதிரைகளைக் கரையில் நடக்கவிட்டுக் கயிறு கட்டி இழுத்தார்கள். அந்தக் குதிரைத் தடம்தான் பல இடங்களில் பிற்பாடு சைக்கிள் பாதையானது. சமதளமாகவும் ஆற்றை ஒட்டியும் இருப்பது அதனால்தான்.

நம் கரைகளுக்கும் அதேபோல ஒரு காரணம் உண்டு, அது பாசனம். வெள்ளம் ஊருக்குள் வராமல் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை, மதகைத் திறந்து மூடவும் உடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் லஸ்கர் என்ற பாசன ஊழியர்கள் போய்வருவதற்கான கரை. அவர்கள் சைக்கிளில்தான் போவார்கள். ஆக, காவிரிக் கரையில் சைக்கிள் புதிதாக வந்த ஒன்றே இல்லை. பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சமன் செய்து, முள்ளை வெட்டி, பத்து கிலோமீட்டருக்கு ஒரு குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் வைத்து, எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று ஒரு பலகை நட்டால் போதும். நூறு கோடித் திட்டம் தேவையில்லை. கான்கிரீட் கொட்டி மருத மரங்களை வெட்டாமல் இருந்தாலே பெரிய உதவி. இதை நான் மனு எழுதும்போதெல்லாம் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். கரையில் அதிகம் பேர் ஓட்டினால் கேட்கும் குரலுக்கு எடை கூடும்.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து போகிறோம். வழியில் ஆற்றில் இறங்கிக் குளிக்க நல்ல இடம் சொல்லுங்கள்.
– வாசகர், காஜாமலை

தம்பி, இடம் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் அளவில் நின்றவர் அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு மேல் போய்விடுவார். மதகுக்குக் கீழே சுழல் இருக்கும், நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. மேட்டூரில் திறப்பு கூடினால் உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறிவிடும். முக்கொம்பிலும் கல்லணையிலும் சின்ன வயதுப் பிள்ளைகள் போன செய்தி வருடா வருடம் வருகிறது. ஒருமுறை கரையில் மூன்று செருப்பு ஜோடிகளும் இரண்டு பையன்களும் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். வழியில் பம்புசெட் ஓடினால் தோட்டக்காரரிடம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்கிறவர் குறைவு. சோப்பு போட வேண்டாம், அது வாழைக்குப் போகிற தண்ணீர்.

காவிரிக் கரையிலேயே கடல் வரை போக முடியுமா? எத்தனை நாள் ஆகும்?
– வாசகர்கள் மூவர், கரூர், தஞ்சாவூர், திருச்சி

முடியும். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. இரண்டு நாளில் முடிப்பவர்கள் உண்டு. நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன், அதையே சொல்லுவேன். முதல் இரவு திருவையாறு, அங்கே சாப்பிட்டபிறகு பாசிப்பருப்பு அசோகா ஒரு வாய். இரண்டாவது இரவு கும்பகோணம், தங்க இடத்துக்குக் கவலையே இல்லை. மூன்றாவது மயிலாடுதுறை. நான்காம் நாள் காலையில் கடல். தை, மாசி நல்ல காலம். வெயில் தாழ்வு, வழியெல்லாம் அறுவடை. ஆனால் களம் இல்லாத இடங்களில் நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள், அதன்மேல் ஏற்றாமல் இறங்கி உருட்டிப் போங்கள்.

இந்தப் பயணத்தை இவ்வளவு மெதுவாகப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலமாகும். காவிரி சுருங்கிக்கொண்டே போகும். குளித்தலைப் பக்கம் எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிற அகண்ட காவிரி. கல்லணையில் வெண்ணாற்றுக்கும் கால்வாய்க்கும் கொடுக்கிறது, பிறகு குடமுருட்டிக்கு, அரசலாற்றுக்கு, மண்ணியாற்றுக்கு, வீரசோழனுக்கு. அவை ஒவ்வொன்றும் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போகின்றன. பாலத்துக்குப் பாலம் நின்று பாருங்கள், நேற்று பார்த்ததைவிட இன்று ஒடுங்கியிருக்கும். மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஓர் இடத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கல்லை எடுத்து எறிந்தேன், அக்கரையில் போய் விழுந்தது. பூம்புகாரில் அது ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் கடலில் சேர்கிறது. நான்கு நாளாகக் கூடவே வந்த ஆறு எங்கே போனது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை, வழியில் இரண்டு பக்கமும் பார்த்த வயல் எல்லாம் அதுதான்.

சைக்கிளில் திரும்ப முடியாதவர்கள் மயிலாடுதுறை ஸ்டேஷனில் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

பிளஸ் ஒன் படிக்கிறேன். ஸ்கூலில் கொடுத்த சைக்கிள்தான் இருக்கிறது. லீவில் நானும் தம்பியும் முக்கொம்பு போய்வரலாமா? அம்மா உங்களைக் கேட்கச் சொன்னார்.
– மாணவி, ஸ்ரீரங்கம்

போய்வாம்மா. கரூர் சாலையில் மட்டும் வேண்டாம், அதில் பஸ்ஸும் லாரியும் விடாது. ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் வழியாகத் தீவுக்குள்ளேயே மேற்கே போ, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வழியில்தான். அதற்கு அப்பால் மண் பாதை வரும், மழை பெய்திருந்தால் மேலூரிலேயே யாரிடமாவது பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போ. முடியாது என்றால் பூங்காவோடு திரும்பிவிடு.

முக்கொம்பில் தீவின் முனையில் நின்று பார்த்தால் ஒரே ஆறு இரண்டாகப் பிரிவது தெரியும். முன்பெல்லாம் கொள்ளிடத்தின் தரை தாழ்வாக இருந்ததால் தண்ணீர் அதிலேயே ஓடிப்போய், காவிரி மண் மேவிக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கத்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதில் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. அதற்குக் கீழே புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். தம்பிக்கு இரண்டையும் காட்டு. தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அவனிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடு.

காலை ஆறு மணிக்குக் கிளம்பு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். முதல் நாள் சாயங்காலமே காற்றும் பிரேக்கும் பார்த்துவிடு. முன்பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தாதே, மணலில் சறுக்கும். திரும்பி வந்ததும் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட வேண்டும், ஆற்று மணல் அதில் உட்கார்ந்தால் பல் தேய்ந்துவிடும். அதைத் தம்பியைச் செய்யச் சொல்.